நண்டுக் கால் முறிக்காத வீடு

கற்பூரம் கொளுத்திக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணலாம்: இனி வருகிற ஒவ்வொரு சொல்லும் நடந்தது. நண்டு பதின்மூன்று என்றால் பதின்மூன்றுதான். மீன் பதினொரு றாத்தல் என்றால் பதினொரு றாத்தல்தான். அதைப் பதினெட்டு என்று சொல்லித் திரிகிற ஆட்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார்கள்; அவர்கள் அன்று அந்தப் பக்கம் தலைகூடக் காட்டவில்லை. கூட்டிச் சொல்ல இதில் இடமில்லை. உள்ளதைச் சொன்னாலே நம்பமாட்டார்கள் என்பதால் ஒன்றிரண்டைக் குறைத்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, ஆவணி மாதம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஒரு மாடிவீட்டின் பின்பக்க அனெக்ஸில் நாகேந்திரமும் மனைவி சரோஜினிதேவியும் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டு அறை, ஒரு குசினி, சீமெந்துத் தொட்டி வைத்த ஒரு பாத்றூம். சன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கப்பால் கரும்பாறை, அதற்கப்பால் கடல். நாகேந்திரம் நில அளவைக் கந்தோரில் முப்பத்தொரு வருசம் படம் கீறினவர். பென்சன் எடுத்த அடுத்த நாள், கீறுவதற்குக் கையில் ஒன்றுமில்லாமல் பாறைக்கு இறங்கினார். போனவர் மீனைப் பிடிக்கவில்லை. மீனுக்கு இரை பிடிக்கப் பழகிக்கொண்டார்.

இரை என்றால் நண்டு. அதிலும் மேலோட்டை, கோதை, கழற்றப் போகிற நண்டு. பாறை நண்டு வளர வளரப் பழைய கோது அதற்குப் போதாமல் வரும். அப்போது அது ஒரு வெடிப்புக்குள் ஒதுங்கி, முதுகின் பின்விளிம்பைத் திறந்து, கண்ணிலிருந்து கால்நுனி வரைக்கும் தன்னையே உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். பழைய கோது கண்ணும் காலுமாக அப்படியே குந்திக்கொண்டிருக்கும்; பார்க்கிறவன் நண்டென்று நினைப்பான். வெளியே வந்த நண்டோ தேத்தண்ணியில் நனைத்த பாண் மாதிரி இருக்கும். அரை நாள்தான் அந்த மென்மை. அதற்குள் தூண்டிலில் கோத்தால் பாரை மீன் எந்த ஆழத்திலிருந்தும் மணம் பிடித்துக்கொண்டு வரும்.

எது கழற்றும், எது கழற்றாது என்று கண்டுபிடிப்பதில்தான் தொழிலே இருக்கிறது. நிறம் மங்கியிருக்கும், ஓட மனமில்லாமல் இருக்கும், முதுகோரத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். ஆனால் கண் பொய் சொல்லும். நிச்சயமாக அறிய ஒரே வழி, கடைசிக் காலின் நுனிக் கணுவை முறித்து மெல்ல இழுப்பது. வெறுங்கோது கழன்று வந்து உள்ளே புதுக்கால் ஈரமாக நின்றால் எடுக்கலாம். எவ்வளவு லேசாகக் கழலுகிறது என்பதை வைத்து இன்றைக்கா, இரண்டு மூன்று நாள் கழித்தா என்றும் சொல்லலாம். சதை கிழிந்தால் கடலில் விடவேண்டியதுதான். நாகேந்திரம் இதில் மணித்தியாலக் கணக்குச் சொல்லுவார். சந்தைக்குப் பக்கத்தில் தூண்டில் சாமான் கடை வைத்திருந்த ஷிப்லி, அவர் கொண்டுவருகிற நண்டுக்கு வாடிக்கைக்காரரை வரிசையில் நிற்பாட்டி வைத்திருப்பான்.

இப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை சரோஜினிதேவியின் தம்பி இராசரத்தினம் பருத்தித்துறையிலிருந்து கப்பலேறி, திருகோணமலையில் இறங்கி, ஆறு இடத்தில் பையைக் கொட்டிக் காட்டி, வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தான். வயது முப்பத்தாறு. வலக்கண்ணில் பூ விழுந்திருந்தது, சத்திரசிகிச்சை செய்யவேண்டும். வீட்டுக்கு ஆள் வந்தால் பொலிசில் பதியவேண்டும் என்பது அந்த யுத்த நாளைய சட்டம். செவ்வாய் காலை நாகேந்திரம் படிவத்தை நிரப்பி, கையெழுத்து வைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பொலிசுக்கென்று புறப்பட்டார். போகிற வழியில், கடல் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகலாமென்று தண்டவாளத்தைக் கடந்தார். ஒரே ஓர் அலை. படிவம் கூழாகிவிட்டது. புதுப் படிவம் வாங்கி நாளைக்குப் பதியலாம் என்று வீட்டுக்கு வந்தார்.

அந்த நாளைக்கு விடியும்போதே சுற்றிவளைப்பு வந்தது. ஒழுங்கையில் முதலில் காகங்கள் எழும்பின, பிறகு சப்பாத்துச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டியவன் மரியாதையாகத்தான் தட்டினான். பட்டியலில் இரண்டு பேர், வீட்டில் மூன்று பேர். இராசரத்தினம் ஒற்றைக் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அத்தான், பதிஞ்சனீங்கள்தானே?" என்று கேட்டான். அவனை ட்ரக்கில் ஏற்றினார்கள். ட்ரக் காலி வீதிக்கு ஏறி மறையும் வரைக்கும் சரோஜினிதேவி வாசலில் நின்று பார்த்தாள். பிறகு பேசினாள்.

"உங்கட நண்டாலதான் அவன் போனவன். அந்த நண்டாலயே அவனைத் திருப்பிக் கொண்டுவாங்கோ."

புதன் பகல் முழுக்கப் பொலிஸ் வாசலில் நின்றார்கள். திங்கட்கிழமை விடிய எல்லாரையும் தெற்கேயுள்ள முகாமுக்கு ஏற்றுவார்கள் என்று மட்டும் தெரியவந்தது. அங்கே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம்.

வியாழன் காலை நாகேந்திரம் மட்டும் போய்ப் பொலிசிலிருந்த மர வாங்கில் குந்தியிருந்தார். அரைக்கதவுக்கு மேலால் பெரிய மாத்தயாவின், அதாவது பொலிஸ் பொறுப்பதிகாரி ஐயாவின், மேசை தெரிந்தது. மேசை நிறையக் கடதாசி. பொலிசுக்குத் தேத்தண்ணி கொடுக்கிற கிளறன்ஸ் உள்ளே போய், வைக்க வேறு இடமில்லாமல் கடதாசிக் கும்பத்தின் மேலேயே கிளாஸை வைத்துவிட்டு வந்தான். கொட்டாஞ்சேனைக்காரன். உலகத்தில் தனக்குத் தெரியாத உள்விசயம் இல்லை என்று உறுதியாக நம்புகிறவன்.

"ஐயா, நேத்தும் வந்தீங்களே. ஆரு உள்ள?"

"மச்சான். கண் சுகமில்லாதவன்."

கிளறன்ஸ் குரலைத் தாழ்த்தினான். "நா சொல்றத கேளுங்க. மாதா மேல ஆணையா சொல்றேன். இந்த மாத்தயாவுக்கு ஒரே ஒரு பைத்தியம். ஞாயித்துக்கிழம காலையில தூண்டில எடுத்துக்கிட்டுப் பாறைக்குப் போயிடுவாரு. மீன் பட்டுச்சா, திங்கக்கெழம கையெழுத்து மழையா கொட்டும். படலேன்னா ஒருத்தன் தப்ப மாட்டான்."

"இப்ப எப்பிடி? படுதா?"

"மூணு மாசமா ஒண்ணும் இல்ல. எறாலப் போட்டுப் போட்டு அவருக்குக் கடல் மேலயே கோவம்."

நாகேந்திரம் வாங்கில் அவன் பக்கமாக நகர்ந்தார். "நான் நல்ல இரை கொண்டுவந்தால்?"

"கொண்டாங்க. ஞாயிறு ஆறரைக்கு. ஆனா மச்சானப் பத்தி ஒரு வார்த்த பேசப்படாது. பேசினா லஞ்சம்னு போயிடும், அப்புறம் நீங்களும் உள்ளதான். நண்டக் குடுங்க, வாயப் பொத்துங்க. மிச்சத்த மீன் பேசும்."

அன்று பின்னேரமே நாகேந்திரம் சாக்கோடு பாறைக்கு இறங்கினார். ஆவணிக் கடல் இன்னும் அடங்கவில்லை. பாசி வழுக்கியது. ஒவ்வொரு வெடிப்பாகக் கையை விட்டுத் தடவி, பிடித்து, கால்நுனியை முறித்து, இழுத்து, விட்டு, பிடித்து, இருபத்தேழு நண்டு பார்த்ததில் ஞாயிறு விடியக் கழற்றக்கூடிய நான்கு தேறியது. திரும்பும்போது தண்டவாளத்து மண்மூட்டைக் காவலில் நின்ற சிப்பாய் துவக்கை நீட்டினான்.

"மொகத பேக் எக்கே?" பைக்குள் என்ன?

"கக்குளுவோ, மாத்தயா. தூண்டிலுக்கு." நண்டு என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு, ஒரு கையில் அடையாள அட்டையையும் மறுகையில் சாக்கையும் உயர்த்தியபடி நின்றார் நாகேந்திரம். மூன்றாவது கை இருந்திருந்தால் அதையும் உயர்த்தியிருப்பார்.

சிப்பாய் சின்ன வயதுக்காரன். சாக்குக்குள் எட்டிப் பார்த்தவனுக்கு, இவ்வளவு அமைதியாகக் கிடக்கிற நண்டு நம்பக்கூடியதாகப் படவில்லை. ஏன் இவை ஓடவில்லை என்று கேட்டான். நாகேந்திரத்துக்கு உள்ள சிங்களம் கந்தோர்ச் சிங்களம். காணி எல்லை சொல்ல உதவும், நண்டு சொல்ல உதவாது. ஆகவே ஒன்றை எடுத்து, கால்நுனியை முறித்து, கோதை உருவிக் காட்டினார். உள்ளே அதே வடிவில் இன்னொரு கால், ஈரமாக, இளம் நிறத்தில்.

சிப்பாய் குனிந்து பார்த்தான். "எத்துளே தவ எக்கெக் இன்னவா!" என்றான்.

உள்ளே இன்னொருத்தன் இருக்கிறான்! சொல்லிவிட்டு அவன் நண்டைப் பார்க்கவில்லை. அடையாள அட்டையைப் பார்த்தான். நாகேந்திரத்தின் முகத்தைப் பார்த்தான். திரும்ப அட்டையைப் பார்த்தான். நாகேந்திரத்துக்குத் தன் தோல் தன்மேல் தளர்ந்துபோய் நிற்பது போலிருந்தது. எதைக் காட்டக்கூடாதோ அதையல்லவா காட்டியாயிற்று! ஒரு ரயில் வந்து, போய், அதன் புகை அடங்கும் வரைக்கும் சிப்பாய் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "யன்ன" என்றான். போ.

வீட்டுக்கு வந்து, நான்கு நண்டையும் தொட்டிக்குள் ஈரச்சாக்கில் கிடத்தி, எது எத்தனை மணிக்குக் கழற்றும் என்று பார்க்க ஒன்றின் காலைத் திரும்பவும் பிடித்தார். சரோஜினிதேவி பாத்றூம் வாசலில் வந்து நின்றாள். தோய்ந்து, நீறு பூசி, ஈரத்தலையோடு நின்றாள்.

"விடுங்கோ அதை."

"பாக்கத்தானே வேணும், சரோ. முறிச்சுப் பாக்காட்டில் எப்பிடித் தெரியும்?"

"நான் முருகனுக்கு நேந்திட்டன். அவன் வரும்வரைக்கும் எனக்கு விரதம். இந்த வீட்டாலை ஒரு உசிரின்ர காலும் முறியக்கூடாது. இஞ்ச நாங்கள் ஒண்டின்ர காலை முறிச்சால், அங்க அவன்ர காலை ஆர் முறிக்கிறாங்களோ..."

"அது நண்டப்பா. அதுக்குத் திரும்ப முளைக்கும்."

"அவனுக்கு முளைக்காது."

நாகேந்திரம் கையை எடுத்துவிட்டார். உண்மையில் அவருக்கும் அந்தக் கணுவைத் திரும்பத் தொடப் பயமாகிவிட்டது. பேச்சு அப்படிப்பட்டது, காதில் விழுந்தபின் வெளியே எடுக்கமுடியாது.

வெள்ளியும் சனியும் கண்ணை மட்டும் நம்பிப் பிடித்தார். அறுபது வயதுக் கண். வெள்ளிக்கிழமை ஐந்து, சனிக்கிழமை நாலு. ஒவ்வொன்றையும் சூரியனுக்கு நேரே தூக்கி முதுகோரக் கோட்டைத் தேடினார். கடைசியாகப் பிடித்ததைப் பற்றி அவருக்குப் பெருமை தாங்கவில்லை: உள்ளங்கையை நிறைத்தது, சாம்பல் நிறம், கையில் எடுத்தும் ஒரு கால் ஆட்டவில்லை. தவம் செய்கிற முனிவர் மாதிரி இருந்தது. வழியில் ஷிப்லியிடம் காட்டினார்.

ஷிப்லி தலையைச் சொறிந்தான். "ஐயா, காலப் பாத்தீங்களா?"

"பாக்கேல்லை. வீட்டிலை விரதம்."

"விரதம் உங்களுக்கா நண்டுக்கா? இந்தாளு ஒரு மாதிரி ஈக்கிறாரு. கண்ணப் பாருங்க, கஸ்டம்ஸ் ஒபிசரு மாதிரி. ஒண்டு சொல்றன் கேளுங்க. எல்லாத்தையும் ஒண்டா போட வாணாம். கெட்டிக் கோதோட ஒருத்தன் உள்ளுக்கு ஈந்தா போதும், கழட்டினவன் எல்லாரையும் ராவைக்கே முடிச்சிப் போடுவான். வாளி வாளியா பிரிச்சி வைங்க."

வாளி எங்கே? நாகேந்திரம் குசினிக்குப் போய்ச் சட்டி, பானை, வாளி எதையாவது கேட்டார். விரதக் குசினிச் சாமானில் நண்டு வைக்கச் சரோஜினிதேவி விடவில்லை. பக்கத்து வீட்டில் கேட்கலாம்தான். கேட்டால் எதற்கென்று கேட்பார்கள். அந்த வாரம் ஒழுங்கையில் யாரும் யாரிடமும் எதையும் எதற்கென்று சொல்ல விரும்பவில்லை. பதின்மூன்றும் ஒரே தொட்டிக்குள், ஒரே ஈரச்சாக்கின் கீழ் தங்கின. ஏழு மணிக்கே லைட்டை அணைத்துவிட்டு இருவரும் படுத்தார்கள். பாத்றூமுக்குள் சரசரவென்று கேட்டது. "கழட்டுதுகள்," என்றார் நாகேந்திரம். நிம்மதியாகக்கூட இருந்தது.

ஞாயிறு விடியச் சாக்கைத் தூக்கினார்.

தொட்டி நிறையக் கோது. முதுகு ஓரிடம், கால் ஓரிடம், கண்காம்பு ஓரிடம். பன்னிரண்டும் சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி கழற்றித்தான் இருந்தன. கழற்றியவை ஒன்றும் இல்லை. நடுவில் அந்தச் சாம்பல் நிற முனிவர் குந்தியிருந்தார். கோது கழற்றப்போகிற நண்டு வாயில் ஒன்றும் வைக்காது என்பது நண்டுச் சாஸ்திரம். இந்த நண்டு சாஸ்திரம் படிக்காதது. சாக்கைத் தூக்கினபோது அது ஓர் ஏப்பம் விட்டதென்று நாகேந்திரம் இன்றைக்கும் சொல்வார்.

அவர் அப்படியே ஈரநிலத்தில் இருந்துவிட்டார். "போச்சு, சரோ. அவனைத் தின்னக் குடுத்திட்டன்."

சரோஜினிதேவி தொட்டியைப் பார்த்தாள். நான்கு நாளாக நண்டின் பக்கமே திரும்பாதவள், தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டாள். சாக்கு நிறைந்து தெரியட்டுமென்று, உடையாமல் கிடந்த கோதுகளைப் பொறுக்கி அதன் அடியில் பரப்பி, பாசியைப் போட்டு, முனிவரை முதுகில் பிடித்து மேலே வைத்தாள்.

"கொண்டுபோங்கோ."

"கோதெண்டு கண்டால் என்னைச் சுடுவான்."

"கொண்டுபோகாட்டில் அவன் நாளைக்கு ட்ரக்கில. எழும்புங்கோ."

ஆறரைக்குப் பாறையில் மாத்தயா நின்றார். அரைக்கால்சட்டை, வைக்கோல் தொப்பி. அவருக்குப் பின்னால் கடலுக்கு முதுகுகாட்டித் துவக்கோடு இரண்டு பேர். கிளறன்ஸ் பிளாஸ்க்கோடு நின்று கண்ணால் ஜாடை காட்டினான். நாகேந்திரம் சாக்கை நீட்டினார். சாக்கு ஆடியதில் உள்ளே கோதுகள் கலகலவென்றன. நிறைய நண்டு என்று நினைத்த மாத்தயாவுக்கு முகம் மலர்ந்தது.

வழி நெடுகக் குலுங்கியதில் மேலே வைத்தது அடிக்குப் போயிருந்தது; முதலில் ஒன்றை எடுத்தார். வெறுங்கோது. கடலில் எறிந்தார். இரண்டாவது. கோது. மூன்றாவதை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். அதன் கண்ணிருந்த துவாரத்தால் வானம் தெரிந்தது. துவக்குக்காரரில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். கிளறன்ஸ் மெல்ல மெல்ல நாகேந்திரத்தைத் தெரியாதவனாக மாறிக்கொண்டிருந்தான்.

மாத்தயா பாசியை விலக்கி முனிவரின் முதுகைப் பற்றித் தூக்கினார். இந்த இடத்தில்தான் கற்பூரம் தேவைப்படும். முதுகு அவர் விரலில் நின்றது. நண்டு நிற்கவில்லை. கோது மேலே இருக்க, முழு நண்டும் கண், கால், கொடுக்கு ஒன்றும் குறையாமல் வழுக்கிக்கொண்டு அவர் மற்ற உள்ளங்கையில் வந்து விழுந்தது. மெத்தென்று, இளஞ்சிவப்பாக, பன்னிரண்டு பேரின் கொழுப்போடு.

"ஷா!" என்று வியந்தார் மாத்தயா.

அதைக் கோத்து எறிந்த ஐந்தாவது நிமிடம் தடி வில்லாக வளைந்தது. இருபது நிமிடம் இழுத்தார். துவக்குக்காரர் இருவரும் துவக்கைக் கிளறன்ஸிடம் கொடுத்துவிட்டு மாத்தயாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். வந்தது பாரை, பதினொரு றாத்தல்.

மூச்சு வாங்கியபடி மாத்தயா நாகேந்திரத்தைக் கூப்பிட்டார். பேர் கேட்டார். தமிழ்ப் பேரென்று தெரிந்ததும் ஆளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார்: உங்களுக்கு என்ன வேண்டும்?

நாகேந்திரத்துக்குத் தெரியும், உலகத்தில் ஒரு மனிதனுக்கு இப்படி ஒருதரம்தான் கேட்பார்கள். இராசரத்தினம் என்ற பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. கிளறன்ஸ் கைகளில் இரண்டு துவக்கோடு உதட்டைக் கடித்துக்காட்டினான். பேசினால் லஞ்சம்.

"முக்குத் எப்பா, சேர்."

வீட்டில் சரோஜினிதேவி கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். "என்ன நடந்தது?"

"மீன் பட்டிட்டுது. பதினொரு றாத்தல்."

"என்ன கேட்டவர்?"

"என்ன வேணுமெண்டு கேட்டவர்."

"நீங்கள்?"

"ஒண்டும் வேண்டாம் எண்டனான்."

அவள் குசினிக்குள் போய், மூட்டாத அடுப்புக்கு முன்னால் இருந்தாள். வெயில் சுவரில் ஏறி, இறங்கி, மங்கும் வரைக்கும் அப்படியே இருந்தாள். நாகேந்திரம் அறைக்குள் இருந்து அந்த இரண்டு சிங்களச் சொல்லையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். எத்தனை தரம் சொல்லியும் வேறு அர்த்தம் வரவில்லை.

திங்கள் காலை இராசரத்தினத்தின் உடுப்பைப் பையில் போட்டுக்கொண்டு இருவரும் போனார்கள், ட்ரக் ஏறுமுன் கொடுத்துவிடலாமென்று. ட்ரக் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. சார்ஜன்ட் பெயரைக் கேட்டார். உள்ளே போய்ப் பெரிய மேசையில் தேத்தண்ணிக் கிளாஸைத் தூக்கி, அடியிலிருந்த கும்பத்தைக் கிளறி, ஒரு கடிதத்தை உருவிக்கொண்டு வந்தார். விசாரித்தாயிற்று, குற்றமில்லை, விடலாம். மாத்தயாவின் ஒப்பம்.

இராசரத்தினம் வெளியே வந்தான். தாடி, அழுக்குச் சாரம், செருப்பில்லை. சரோஜினிதேவி முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து முதலில் காலைப் பார்த்தாள். இரண்டு காலும் நேராக நடந்து வந்தன.

"அக்கா, என்ன காலைப் பாக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. நட."

அன்று மத்தியானம் விரதம் முடிந்தது. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். இராசரத்தினம் மூன்றுதரம் போட்டுச் சாப்பிட்டான். அந்த வீட்டில் அதன்பிறகு நண்டுக் கால் முறிக்கவேயில்லை. நாகேந்திரம் கண்ணாலேயே தொழில் நடத்தினார், நட்டம்தான். மீன் கொட்டாஞ்சேனையில் வருசத்துக்கு ஒரு றாத்தல் வளர்ந்தது. இராசரத்தினத்தைக் கொண்டுவந்தது முருகன் என்பாள் சரோஜினிதேவி, தன் புத்தி என்பான் கிளறன்ஸ், "நண்டு ஐயா, நண்டு," என்பான் ஷிப்லி.

அந்தக் கடிதத்தை நாகேந்திரம் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார், சோதனைக்கு வருகிறவர்கள் வந்தவுடன் காணட்டுமென்று. நடுவில் தேத்தண்ணிக் கிளாஸின் அடி பழுப்பு வட்டமாகப் படிந்திருக்கிறது. வட்டத்துக்குக் கீழே மாத்தயாவின் ஒப்பம். ஒப்பத்துக்குக் கீழே அவர் தன் கையால் எழுதிய திகதி புதன்கிழமைக்குரியது, முதல் நண்டு பிடிபடுவதற்கு முதல் நாள்.